பராகுவேக்காரனின் முழங்கால்

எனக்குக் கால்பந்து பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பந்துக்குப் பின்னால் இத்தனை பேர் மூச்சிரைக்க ஓடுவதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஆனால் பராகுவேயில் பிறந்து ஐரோப்பாவில் ஆடப்போன ஒரு முன்கள ஆட்டக்காரனின் வாழ்க்கையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எந்த நாட்டில் எப்போது இருந்தான், எந்த மழையில் விழுந்தான், எந்தக் கிளப் அவனை வேண்டாம் என்று அனுப்பியது, எல்லாம் எனக்கு அத்துப்படி. தம்பியோடு ஒரே வீட்டில் இருந்ததால் வந்த வினை.

ஓசூர் சிப்காட்டை ஒட்டி ஒரு லைன் வீட்டில் அப்போது குடியிருந்தோம். நான் வண்டிகளுக்கு வயர் இணைப்பு செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலையில் இருந்தார். சீசனில் ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் உண்டு. தம்பி ஐடிஐ முடித்துவிட்டுச் சாமல்பட்டியிலிருந்து ரயிலேறி, ஒரு பையும் ஒரு ஜோடி பூட்ஸுமாக வந்து இறங்கினான். இன்னொரு பெரிய கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வார்க்கும் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான்.

அந்தக் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளிக்கு நீலச் சட்டை. கான்ட்ராக்ட் ஆளுக்குச் சாம்பல் சட்டை. ஒரே மெஷின், ஒரே வேலை, ஒரே வியர்வை. சட்டை மட்டும் வேறு. சாம்பல் சட்டைக்காரனை சில மாதத்துக்கு ஒருமுறை 'பிரேக்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். பிறகு புது ஆள்போலத் திரும்பச் சேர்ப்பார்கள், சேர்க்காமலும் விடுவார்கள். என் தம்பிக்கு உலகத்தில் வேண்டியதெல்லாம் ஒரு நீலச் சட்டை. அது வந்தால் கல்யாணம், அது வந்தால் தனி வீடு, அது வந்தால் அம்மாவை அழைத்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் அந்தச் சட்டை மாட்டும் கொக்கியிலேயே மாட்டி வைத்திருந்தான்.

அதற்கு ஒரு குறுக்கு வழியும் இருந்தது. கம்பெனிகளுக்குள் வருஷா வருஷம் கால்பந்துப் போட்டி நடக்கும். நன்றாக ஆடுகிற கான்ட்ராக்ட் பையன்களை டீமில் எடுத்து, பகல் ஷிஃப்ட் போட்டு, முட்டையும் பாலும் கொடுப்பார்கள். கோப்பை ஜெயித்த வருஷங்களில் அவர்களில் ஒருத்தனுக்கோ இருவருக்கோ நீலச் சட்டை கிடைத்திருக்கிறது. இப்படி ஒரு விதி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் சிப்காட்டில் அது எல்லோருக்கும் தெரியும். தம்பி இடதுகால்காரன், குள்ளம், ஓடினால் பிடிக்க முடியாது. வந்த கொஞ்ச நாளிலேயே டீமில் எடுத்துக்கொண்டார்கள்.

பராகுவேக்காரன் எங்கள் வீட்டுக்குள் வந்தது அந்தச் சமயத்தில்தான். அவனும் குள்ளம், அவனும் இடதுகால். முகத்தைப் பார்த்தால் ஊத்தங்கரை டவுன் பஸ்ஸில் சில்லறை இல்லை என்று எரிந்துவிழும் கண்டக்டர் மாதிரி இருப்பான். உலகமே கொண்டாடுகிற பெரிய ஆட்டக்காரர்கள் இருக்க, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இவனைப் போய் ஏன் பிடித்தது என்று கேட்டேன். பெரிய ஆளுங்களைப் பார்த்து நாம என்னாக்கா கத்துக்கறது என்றான். காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, விரிசல் விட்ட போனில் முந்தின நாள் ஆட்டத்தின் துண்டுகளைப் பார்ப்பான். நான் டிபன் பாக்ஸைக் கையில் திணித்துவிட்டு, "உன் பங்காளி நேத்து ஆடுனானா, இல்ல தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்தானா?" என்று கேட்பேன். பெரும்பாலும் தண்ணி பாட்டில்தான்.

அவனை வாங்கிய கிளப் போர்ச்சுகலில் இருந்தது. அங்கே அவன் ஆடவே இல்லை. பெல்ஜியத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து ஸ்பெயினில் இரண்டாம் நிலை ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். லோன் என்றால் என்ன என்று தம்பிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். "நம்ம கான்ட்ராக்ட் மாதிரிதாங்க்கா. பேரு ஒரு எடத்துல இருக்கும், வேலை வேற எடத்துல. ரெண்டு பேருமே நம்ம ஆளுன்னு சொல்ல மாட்டாங்க." அவன் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு தூரம் கப்பலும் விமானமும் ஏறிப் போய் அங்கேயும் இதே கதைதானா என்று எரிச்சலாக இருந்தது.

ஆனால் தம்பி அவனைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்ன கதை வேறு. ஐரோப்பாவுக்குப் போகும் முன்னால், சொந்த நாட்டில் இளைஞர்களுக்கான ஒரு போட்டியின் கடைசி ஆட்டம். முழங்கால் வீங்கிக் கிடந்தது. வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு, இறுகக் கட்டிக்கொண்டு இறங்கினான், கோல் போட்டான். வெளிநாட்டிலிருந்து ஆள் பொறுக்க வந்தவர் அன்றைக்கு மைதானத்தில் இருந்தார். அந்த ஒரு ஆட்டம்தான் அவனை விமானத்தில் ஏற்றியது. ஒரு பேட்டியில் அவனே பெருமையாகச் சொல்லியிருந்தானாம். அன்னிக்கு வலிக்குதுன்னு உட்கார்ந்திருந்தா அவன் இன்னும் செங்கல் சூளையிலதான் இருந்திருப்பான் என்று தம்பி சொல்லும்போது அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது வருஷம் அரையிறுதி ஆட்டத்தில், ஓசூருக்கே உரிய அந்தப் பொசபொச மழையில், தம்பியின் கால் திரும்பிக்கொண்டது. யாரும் தட்டவில்லை. திரும்பினான், விழுந்தான். அடிபட்டால் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்பது டீம் வழக்கம். போனால் லீவு எழுதுவார்கள், லீவு எழுதினால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். அதனால் பையன்கள் நேராக ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டு வைத்தியரிடம்தான் போவார்கள். டீமைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசரே வேன் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். சேதி கேட்டு ஓடிப்போய் நானும் ஏறிக்கொண்டேன்.

வைத்தியர் வயதானவர். முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். உளுந்து மாவும் முட்டையின் வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே தெலுங்கில் சொன்னார்: எலும்பு உடையவில்லை, உள்ளே ஜவ்வில் ஏதோ கோளாறு, இது என் வேலை இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், அதுவரை இந்தக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது. எனக்குத் தெலுங்கு புரியும். தம்பிக்கும் புரியும். சூப்பர்வைசர் கன்னடக்காரர் என்றாலும் அவருக்கும் புரிந்தது. திரும்பி வரும் வழியில் மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். பெங்களூருக்குப் போகலாம், ஒரு நாள் வேலை போனால் போகட்டும் என்றேன். அவன் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "ஃபைனலுக்கு ஒரு வாரந்தாங்க்கா இருக்குது. ஊசி போட்டுக்கினு ஆடறன். அவன் ஆடலியா?" எவன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் அந்தப் பராகுவேக்காரனை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன். தம்பி போனைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த வாரம் முழுக்கக் கட்டை அவிழ்த்துவிட்டு பேண்டுக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு பிரஸ் முன்னால் நின்றான். எட்டு மணி நேரம் நின்றபடி செய்கிற வேலை. ஃபைனலில் ஊசி போட்டுக்கொண்டு இறங்கினான். நான் போகவில்லை. அவன் கொடுத்த பந்தில்தான் கோல் விழுந்தது என்றும், அதன் பிறகு தானாகவே கீழே உட்கார்ந்துவிட்டான் என்றும் கூட ஆடியவர்கள் சொன்னார்கள். கோப்பை ஜெயித்தார்கள். தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்கள். ஜெயித்ததால் தூக்குகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். அவனால் நடக்க முடியவில்லை என்பது வாசலில் நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அந்த வருஷம் நீலச் சட்டை கோல்கீப்பருக்குக் கிடைத்தது. தம்பிக்கு ஒரு கைக்கடிகாரமும் ஒரு டப்பா மைசூர்பாகும் வந்தன. அடுத்த பிரேக்கில் போனவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. பெங்களூரில் காட்டியபோது டாக்டர், கிழிந்த ஜவ்வோடு காலை ஊன்றி ஊன்றி உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்தால் வலி குறையும், ஓட்டமெல்லாம் மறந்துவிட வேண்டியதுதான் என்றார். சூப்பர்வைசர் ஒருநாள் வந்து தலையைக் குனிந்துகொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். அவர்மேலும் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

அதே வருஷம் ஸ்பெயினில் பராகுவேக்காரனும் விழுந்தான். யாரும் தொடாமலே விழுந்தான். முழங்கால் ஜவ்வுதான். உடனே ஆபரேஷன், நல்ல ஆஸ்பத்திரி, கூடவே ஆள். தம்பிக்கு அது ஏதோ சேதி அனுப்பிய மாதிரி ஆகிவிட்டது. அவன் வந்துட்டா நானும் வந்துருவன் என்று ஆரம்பித்தான். டாக்டர் சொன்னது காதில் ஏறவே இல்லை. பராகுவேக்காரன் காலில் மணல் பை கட்டித் தூக்கும் வீடியோவைப் பார்த்து, இவன் ரேஷன் பருப்புப் பையைக் கட்டித் தூக்குவான். பருப்பு வேணும்டா என்று நான் கத்துவேன். கத்திவிட்டு அடுப்படியில் நின்று அழுவேன்.

பராகுவேக்காரன் திரும்பத்தான் வந்தான். ஆனால் ஓட்டத்தில் அந்த வேகம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. போர்ச்சுகல் கிளப் கணக்கை முடித்து அனுப்பியது. கிரீஸுக்குப் போனான், பிறகு சைப்ரஸ். அப்படி ஒரு நாடு இருப்பதே அவனால்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் புதுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஒரு போட்டோ. ஒவ்வொரு போட்டோவிலும் சிரிப்பு கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. தம்பி பார்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நல்லது என்று எனக்குத் தோன்றிய காலம் உண்டு. பிறகு, அதையும் பிடுங்கிவிட்டால் அவனுக்கு என்ன மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது தம்பி சின்ன கம்பெனி ஒன்றில் போல்ட்டின் அளவு சரியா என்று கேஜ் போட்டுப் பார்க்கிறான். உட்கார்ந்து செய்கிற வேலை. மழைக்காலத்தில் முழங்கால் அவனை எழவிடாது. கல்யாணப் பேச்சை எடுத்தால் பேச்சை மாற்றிவிடுவான். பூட்ஸ் பரணில் கிடக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தபோது, "அக்கா, அவன் நிறுத்திட்டான்" என்றான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போனில் பராகுவேக்காரன் சொந்த ஊர் கிளப்பில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். முகம் உப்பியிருந்தது, தாடியில் நரை. அவன் பேசப் பேசக் கீழே ஆங்கில எழுத்து ஓடியது. தம்பி எழுத்துக்கூட்டிப் படித்து எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். அம்மாவுக்கு நன்றி, பெல்ஜியத்தில் வாடகைக்கு வீடு கொடுத்த கிழவிக்கு நன்றி. யாரோ ஒரு நிருபர், அந்த ஊசி போட்டு ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்.

தம்பி படிப்பதை நிறுத்திவிட்டான். என்னடா சொல்றான் என்றேன். வீடியோவைப் பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டான். பிறகு சொன்னான்.

"கால் அன்னிக்கே போச்சாம். அப்பறம் ஆடுனதெல்லாம் செத்த காலை வெச்சிக்கினுதானாம். பெருமைக்குச் சொல்லிக்கினு திரிஞ்சன், அன்னிக்கு நான் ஆடியிருக்கக் கூடாதுங்கறான்."

திரையில் அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எழுந்து போகும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். தம்பி எழும்போது சுவரைப் பிடிப்பானே, அதே மாதிரி. இத்தனை வருஷமாக அவனைத் திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் கொஞ்சமா. ஒன்றும் வரவில்லை. அவனும் யார் வீட்டுப் பிள்ளையோ என்றுதான் தோன்றியது.

தம்பி போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் தன் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தான்.

"இத அவன் அப்பவே சொல்லியிருக்கலாம் இல்லக்கா" என்றான்.

தெலுங்கில் அந்தக் கட்டு வைத்தியர் அப்போதே சொன்னார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. தம்பிக்கும் வந்திருக்கும். நான் எழுந்துபோய் தக்காளியை நறுக்கினேன்.