யாரும் திரும்பாத பெயர்

மூன்றாவது முறை அழைத்தும் அந்தப் பெண் வரவில்லை. மைக் அண்ணன் சுவிட்சிலிருந்து கட்டைவிரலை எடுத்தார். இடக் கன்னத்தில் ஒதுக்கியிருந்த கிராம்பை வலக் கன்னத்துக்குத் தள்ளினார். பிறகு, பிள்ளை தேர்வில் பாஸான தகப்பன்போல ஒரு சிரிப்பு சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் காவல் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிற எவரும், கூப்பிட்ட ஆள் வராவிட்டால் சலித்துக்கொள்வார்கள். ‘செவிடா எல்லாரும்?’ என்று முணுமுணுப்பார்கள். இந்த மனிதர் மட்டும் ஆள் வராதபோது மகிழ்கிறார். எப்போதாவது வந்துவிட்டால் முகம் சுண்டிப் போகிறது. ‘மன்னிச்சுக்கங்கம்மா, வேற ஆளு’ என்று அனுப்பிவிட்டு, அன்று முழுவதும் பறிகொடுத்தவர்போல உட்கார்ந்திருக்கிறார்.

நிலையத்தின் காவல் வேலைக்கு அக்கா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் சந்தேகப்படுவதில் அவளுக்கு ஆயுள் அனுபவம். வீடு திரும்பியதும் கணவரின் செருப்பைப் புரட்டி, ‘இது எந்தத் தெரு மண்ணு?’ என்று கேட்கிறவள். பால் பாக்கெட்டைக்கூடக் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். அப்படிப்பட்டவளின் கண்ணில், வராத பெண்களை அழைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் விழுந்தால் விடுவாளா?

மைக் அண்ணனின் குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. குரல் பட்டு, ஆள் கொடிக்கம்பம். அந்தக் குரலில் கிறங்கி விசாரணை ஜன்னலுக்கு வருகிறவர்கள், காதில் பென்சில் செருகிக்கொண்டு ஒல்லியாய் உட்கார்ந்திருக்கும் ஐம்பது தாண்டிய மனிதரைப் பார்த்து, ‘மைக்ல பேசுறவர் எங்க சார்?’ என்று அவரிடமே கேட்பார்கள். ‘வெளிய போயிருக்கார்’ என்பார். மைக்கை எடுக்குமுன் கைக்குட்டையால் துடைப்பார், குழந்தையின் மூக்கைத் துடைப்பதுபோல. வீட்டில் அந்தக் குரல் கிடையாது. ஒருநாள் மறந்துபோன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க வந்த அவர் மனைவி அக்காவிடம் சொன்னாள்: “ஊருக்கெல்லாம் வழி சொல்ற வாய்தான். வீட்டுல உப்பு வேணும்னா கையைத்தான் நீட்டும்.”

அதைக் கேட்டபின் சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. வீட்டில் பேசாத ஆண் வெளியே யாரிடமோ பேசுகிறான் என்பது அக்காவின் சித்தாந்தம்.

முதலில் பிக்பாக்கெட் கூட்டத்துக்கு இவர் சமிக்ஞை கொடுக்கிறார் என்று நினைத்தாள். ஒவ்வொரு பெண் பெயரையும் அழைத்த கணம் நிலையத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். அப்படிப் பார்த்தால் எல்லோருமே கள்ளர்களாகத்தான் தெரிந்தார்கள். பழவண்டிக்காரர் ஆப்பிளைப் புரட்டினார், அது ஜாடை. கண்டக்டர் ஒருவர் காதைச் சொறிந்தார். அது பதில் ஜாடை. டிரைவர் ஒருவரை அவள் வெறித்துப் பார்க்க, அவர் சிரித்தார். “ஏன்க்கா, எங்க முழி எல்லாம் திருட்டு முழியா? பொறந்ததுல இருந்தே இதான்க்கா முழி.”

அப்புறம் ஃபிளாஸ்க் விவகாரம். பேருந்துகள் குறைந்த மதிய வேளையில், மைக் அண்ணன் காலி ஃபிளாஸ்கின் வாயில் உதட்டை வைத்து ஏதோ கிசுகிசுத்தார். பிறகு காதை வைத்துக் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வேறொன்றைக் கிசுகிசுத்தார். கம்பங்கொல்லையில் புகுந்த மாட்டைக் கண்டவள்போல அக்கா நிமிர்ந்தாள். இது பிக்பாக்கெட் இல்லை. இதைவிடப் பெரிய சங்கதி.

இன்றைய பெயரை அவர் மூன்று முறை அழைத்து முடித்ததும், அவள் பின்கதவு வழியாக விசாரணை அறைக்குள் நுழைந்தாள். அந்தப் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. படிக்கிறவர்களில் ஒருத்திக்கு அதே பெயர் இருந்து தொலைத்தால் என்ன ஆகும் என்பது போகப்போகத் தெரியும்.

தன் சாப்பாட்டுப் பையை அவர் மேசையில் ‘தொப்’பென்று வைத்தாள். “யாரு சார் இந்தப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணு?”

“இப்பக் கூப்பிட்டீங்களே, அது. நேத்துக் கூப்பிட்டது. போன வாரம் கூப்பிட்டது. நீங்க கூப்பிடுறதும் ஒருத்தியும் வராததும், என்ன சார் கூத்து இது? சாயங்காலத்துக்குள்ள சொல்லலைன்னா நான் மேனேஜர்கிட்டப் போறேன். அவர் உங்க மைக்கையும் பிடுங்குவார், சீட்டையும் கிழிப்பார்.”

மைக் அண்ணனுக்கு வேர்த்தது. கிராம்பைக் கடித்து விழுங்கிவிட்டார். மேசையின் இழுப்பறையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, அட்டை கீழே இருக்கும்படி வைத்தார். அக்கா அதைப் புரட்டிப் போட்டாள். நிலையத்தின் புத்தகக் கடையில், வாரப் பத்திரிகைகளுக்குப் பின்னால், யாரும் ஓசியில் பிரித்துப் படித்துவிடாதபடி பின் அடித்துத் தொங்குமே, அந்த ரகம். தலையணையில் சாய்ந்த ஒரு பெண். அவளை நோக்கிக் குனியும் ஒரு மீசை.

“இதைப் படிக்கிறீங்களா? கருமம்!”

“எழுதுறேன்.”

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்களா?” அந்த ஒரு சொல்லில் இருந்த அவநம்பிக்கை, மேனேஜரிடம் போவதைவிட அவரை அதிகம் குத்தியிருக்க வேண்டும். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“ஏன், எழுதக் கூடாதா? கதை எழுதுறது கஷ்டமில்லைம்மா. கட்டிலும் விளக்கும் எல்லாக் கதைக்கும் ஒண்ணுதான். பேர் வைக்கிறதுதான் உயிர் போற வேலை.”

“பொய் சொல்லாதீங்க. கதைக்குப் பேர் வைக்கிறவர் ஃபிளாஸ்குக்குள்ள எதுக்குப் பேசுறீங்க?”

“அது காது. கதாநாயகன் நாயகி காதுல பேரைச் சொல்லுவான் இல்ல? சொல்லும்போது பேரு உருகணும். சில பேரு கல்லு மாதிரி விழும். ஃபிளாஸ்க்ல சொன்னாத் தெரிஞ்சிடும்.”

சொல்லச் சொல்ல அவருக்கு வெட்கம் விட்டுப் போய் வேகம் வந்தது. சாமி பெயர் ஆகாது. அதை விலக்கினால் நம் பெயர்களில் பாதி போயிற்று. கேட்டதும் கணக்கு டீச்சர் ஞாபகம் வருகிற பெயர் ஆகாது. மனைவியோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். அந்த வீட்டில் ஒரு நல்ல பெயரைக்கூட மிச்சம் வைக்கவில்லை. புத்தகம் போடும் முதலாளிக்கு மருமகள்கள் வேறு. “போன மாசம் அருமையான ஒரு பேரு கிடைச்சுதும்மா. எழுதி அனுப்பினா, ‘யோவ், இது எங்க சம்பந்தியம்மா பேரு’ங்கிறார். அந்தம்மாவுக்கு எழுபது வயசு!”

“ஆம்பளை பேரு?”

“அதுக்கு ஒரு சோதனையும் கிடையாது. எந்தப் பேரை வச்சாலும் அந்தப் பேர்க்காரன் சந்தோஷந்தான் படுவான். நாலு புத்தகம் சேர்த்து வாங்குவான்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் விசாரணை கெட்டுவிடும் என்று உதட்டை மடித்துக்கொண்டாள். “சரி. மைக் எதுக்கு?”

அவர் குரல் இறங்கியது. முதல் புத்தகம் வந்தபோது அவர் வைத்த பெயர், முதலாளியின் அச்சகத்துக்குப் பின் தெருவிலேயே ஒரு பெண்ணுக்கு இருந்திருக்கிறது. அவள் கணவன் புத்தகத்தோடு அச்சகத்துக்கு வந்தான். ‘என் வீட்டு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?’ என்று மேசையைக் கவிழ்த்தான். அந்தப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பிரதி வாங்கப் போயிருந்த மைக் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். “அவளுக்குக் கதையும் தெரியாது, என்னையும் தெரியாதும்மா. அதுக்கப்புறம் அவளை வேலைக்கே அனுப்பலையாம். அதான், பேரை முடிவு பண்ணுறதுக்கு முன்னாடி இங்க கூப்பிட்டுப் பார்த்துடுறது. நாலு திசை ஜனமும் வர்ற இடம். ஒருத்தியும் திரும்பலைன்னா அந்தப் பேருக்கு ஆள் இல்லை. யாருக்கும் பாதகம் இல்லை.”

“இந்த பஸ் ஸ்டாண்டுல இல்லைன்னா உலகத்துலயே இல்லைன்னு அர்த்தமா?”

“நம்ம கைக்கு எட்டின சோதனை அதுதானே?”

பேச்சு அவ்வளவு சரளமாக இருந்ததாலேயே அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு ஒழுங்காகவா உண்மை இருக்கும்? அடுத்த கேள்வியை அவள் எடுப்பதற்குள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வெளியே ஓர் ஆள். அவன் பிடியில் ஒரு பெண்ணின் மணிக்கட்டு. கழிப்பறை வரிசையில் நின்றிருப்பாள்போல. வருவதற்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. “யாருய்யா என் பொண்டாட்டியை மைக்ல கூப்பிட்டது?”

இரும்பு அலமாரியின் மறைவில் நின்றிருந்த அக்காவை அவன் பார்க்கவில்லை. மைக் அண்ணன் எழுந்து நின்றார். “மன்னிக்கணும் சார், அது வேற ஆளு...”

“வேற ஆளா? இந்தப் பேர்ல இன்னொருத்தி இருக்காளா? எங்க ஊர் பூரா ஒருத்திகூடக் கிடையாது. நாங்க இந்த பஸ்ஸுக்கு வருவோம்னு யாருக்கும் தெரியாது. அப்ப எவன் வந்து கேட்டான்? சொல்லு!” பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான். “நீயாவது சொல்லு. யாரை வரச் சொன்ன?”

“எனக்கு எப்படிங்க தெரியும்?” என்றாள் அவள். அதைச் சொன்ன விதத்தில், இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அவள் புதியவள் அல்ல என்பது தெரிந்தது.

மைக் அண்ணன் மனதுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொல்லிவிடலாம். வேலை போகும், போகட்டும். ஆனால் அந்தப் பெயரை ஒரு மஞ்சள் புத்தகத்துக்காக எடுத்தேன் என்று இவனிடம் சொன்னால், இந்த மணிக்கட்டு இன்று வீடு போய்ச் சேருமா? அவர் கண் மேசைமேல் இருந்த பையில் விழுந்தது.

“பை... ஒரு அம்மா பையை விட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்க பேரும் இதுதான். அதான் கூப்பிட்டேன்.”

“அப்படியா? வரட்டும். நானும் பார்க்கிறேன்.” தூணில் சாய்ந்துகொண்டான். மணிக்கட்டை விடவில்லை. “கூப்பிடு. இன்னொரு தரம் கூப்பிடு.”

மைக் அண்ணன் சுவிட்சை அழுத்தினார். பட்டுக் குரல் அன்று முதல்முறையாகக் கிழிந்தது. அந்தப் பெயரைச் சொல்லி, பையைப் பெற்றுக்கொள்ள வரும்படி கேட்டார். யாரும் வரவில்லை. எப்படி வருவாள்? இன்னொருத்தி இல்லை என்று அவனே சொல்லிவிட்டானே. மறுபடி அழைத்தார். தூணில் சாய்ந்தவனின் வாயோரம் ஏளனமாக வளைந்தது. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அலமாரி மறைவிலிருந்து அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். முக்கியமாக அந்த ஆளின் கண்ணைப் பார்த்தாள். அவளுக்கு அது பழக்கமான கண். செருப்பைப் புரட்டும்போது கண்ணாடியில் ஒருமுறை அவளே அதைப் பார்த்திருக்கிறாள்.

சேலைமேல் போட்டிருந்த சீருடை மேல்சட்டையைச் சத்தமில்லாமல் கழற்றினாள். புழுதிக்காகக் கழுத்தில் சுற்றியிருந்த சால்வையைப் பிரித்துத் தலையோடு போர்த்தினாள். பின்கதவு வழியாக வெளியேறினாள்.

கொஞ்ச நேரத்தில் பேருந்துகள் நிற்கும் பக்கத்திலிருந்து ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். “சார், சார்! நான்தான் சார்! என் பை!”

மைக் அண்ணன் அவளைப் பார்த்தார். “பேர் சொல்லுங்க.”

அவள் சொன்னாள். பெற்றவள் வைத்து, ஊரே கூப்பிட்டுப் பழகிய பெயர்போலத் தயங்காமல் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் தலை நிமிர்ந்தது.

“பையில என்னென்ன இருக்கு?” தூணில் சாய்ந்திருந்தவன் கேட்டான், தான்தான் அதிகாரிபோல.

“டிபன் பாக்ஸு, சீப்பு, தலைவலித் தைலம், ஒரு பூட்டு.”

மைக் அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பூட்டும் இருந்தது.

“பூட்டு எதுக்கு?”

“பைக்குத்தான். ஊர் கெட்டுக் கிடக்குதுங்களே, யாரை நம்ப முடியுது?” என்று அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

அவன் பூட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அட்டவணைப் பலகையைப் பார்த்தான். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. “முன்னாடியே ஒழுங்காச் சொல்றதுக்கென்ன?” என்று மைக் அண்ணனை அதட்டிவிட்டு, “பஸ் போயிடும், வா” என்று நடந்தான். அந்தப் பெண் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இரண்டடி பின்தங்கினாள். அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். நன்றி சொல்கிற பார்வையா என்றால் இல்லை. யார் இவள், என் பெயரை எதற்கு எடுத்துக்கொண்டாள் என்று எடைபோடுகிற பார்வை. பிறகு போய்விட்டாள்.

அக்கா உள்ளே வந்து மேல்சட்டையின் பொத்தான்களைப் போட்டாள். ஒன்று தப்பிப்போய் மறுபடி போட வேண்டியிருந்தது. வெளியே ஒரு டிரைவர் ஹாரனை அமுக்கிவிட்டுக் கத்தினார்: “மைக் அண்ணே, தூங்கிட்டீங்களா? என் வண்டியை யார் சொல்றது?”

அவர் அசையவில்லை. அக்கா பையில் பொருள்களை அடுக்கி, பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தாள்.

“சரி சார்,” என்றாள். “அடுத்த கதைக்குப் பேரு எப்படிப் பார்ப்பீங்க?”

மைக் அண்ணனின் கை பழக்கத்தில் மைக்கை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. பிறகு, கூட்டத்தில் எதையோ உளறப்போகிற பிள்ளையின் வாயைப் பொத்துவதுபோல, உள்ளங்கையால் அதன் வாயை மூடிக்கொண்டார்.