வட்டையில் தொங்கிய இறுவட்டு

"முகம் வருது தம்பி. குரல்தான் வருகுதில்ல" என்றாள் அக்கா.

அத்தான் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. தேற்றாத்தீவில், அவர்கள் வீட்டுக் குசினியில், மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டே சொன்னாள். அழவில்லை. விறகு முடிந்துபோயிற்று என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"நெஞ்சுக்க இருக்கு. காதுக்கு வருகுதில்ல. முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு முன்னம் ஒருக்காக் கேக்கணும். அந்தக் குடிபூரல் சீடிய எடுத்துத் தா. அதில பேசியிருக்காரே."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அத்தானின் குரல் வேறெங்கும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசி நாள் வரைக்கும் பட்டன் போன்தான் வைத்திருந்தார். யாராவது கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தால் அடையாள அட்டைக்கு நிற்பவர்போல் கைகளைத் தொங்கவிட்டு, வாயை இறுக்கிக்கொள்வார். வாழ்நாளில் ஒரு தடவைதான் ஒலிவாங்கியைப் பிடித்தார். அது இந்த வீட்டைக் கட்டிமுடித்துக் குடிபூரல் நடந்த அன்று. அத்திவாரம் வெட்டியவர் தொடக்கம் கிணற்றுக்குச் சீமெந்துக் கொட்டு இறக்கியவர் வரைக்கும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். கமராக்காரர் அதைப் பிடித்து ஒரு சீடியில் தந்தார். பிறகு அவர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார்.

பத்திரிகைகள் இறுவட்டு என்று எழுதின. நாங்கள் சீடி என்றோம். அந்தச் சீடி என்னிடம்தான் இருந்தது. இருந்தது என்று எழுதும்போது கை ஒருமுறை நிற்கிறது.

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. நகரத்தில், ஆரையம்பதியில், மறுபடி நகரத்தில் என்று ஏழு வாடகை வீடுகள் மாறியிருக்கிறேன். அலுவலகத்தில் தரவு பதியும் வேலை. மேசை மட்டும் மாறவில்லை, மேசைக்கு மேலிருந்த பொருள்கள் மாறிக்கொண்டேயிருந்தன. முதலில் பிளொப்பி. கறுத்த, சதுரமான, வெற்றிலைபோல் மெல்லிய பொருள். சட்டைப் பைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுபோவேன். மழையில் நனையக்கூடாது, காந்தம் கிட்டக்கூடாது, வளையக்கூடாது. ஒரு மாதத்து வேலை அதற்குள் இருக்கும். மறுநாள் செருகினால் இயந்திரம் கரகரவென்று ஆராய்ந்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லும். வாவியின் உப்புக் காற்றில் அலுமாரிச் சாவியே துருப்பூத்துப்போகிற ஊரில், பிளொப்பியை மட்டும் குறை சொல்ல என்ன இருக்கிறது.

பிறகு சீடி வந்தது. கண்ணாடி, வானவில், தட்டு. வெளிச்சத்தால் எழுதி வெளிச்சத்தால் வாசிப்பது என்று யாரோ விளக்கியபோது எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. தோய்த்த துணியால் துடைத்து, முகம் பார்த்து, தலைமுடி சரிசெய்து வைத்துக்கொள்வேன். பிறகு பென்டிரைவ் வந்தது, தாயத்துப்போலக் கழுத்தில் தொங்கிற்று. பிறகு நகத்தளவு மெமரி கார்ட். ஒன்றை உளுந்துக்குள் தொலைத்து, உளுந்தை முழுவதும் சுளகில் இட்டுப் புடைத்துத் தேடினேன். கடைசியில் ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டுகள் சுழலும், அவற்றின் மேல் முள்ளொன்று தொட்டும் தொடாமலும் ஓடும். எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றினேன். ஏற்றிவிட்டு, மனிதன் முழுமையடைந்துவிட்டதுபோல் நடந்தேன்.

அந்த நடையில்தான் பிழை நடந்தது.

அத்தானுக்கு வாவிக்கு அந்தப்பக்கம், மண்டூர் வட்டையில், அந்த ஊர் வயல்வெளியில், ஒரு வயல். பயிர் பால்பிடிக்கிற நேரம் குருவி வந்து இறங்கும். முன்பெல்லாம் வரம்பில் நின்று கூப்பாடு போட்டுக் கலைப்பார். தொண்டை கட்டிக்கொண்ட பிறகு, வட்டையில் மற்றவர்கள் செய்வதைத் தானும் செய்யலாமென்று பழைய சீடி கேட்டு என் வீட்டுக்கு வந்தார். கம்பு நட்டு, மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் சீடியைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்குச் சுழன்று வெயிலை அங்குமிங்கும் எறியும். குருவிக்கு அது ஆகாது. நான் மேசை லாச்சியை இழுத்து அப்படியே அவர் மடியில் கவிழ்த்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, ஒன்றைத் தனியே பிடித்தார்.

"இது நம்மட குடிபூரல் தானே?"

"ஓம் அத்தான். அதெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில ஏத்தியாச்சு. இனி இது வெறுந்தட்டு. கொண்டுபோய்க் கட்டுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு. பிறகு உங்கட அக்காட்ட ஆர் ஏச்சு வாங்குற?"

"பாத்துத்தான் சொல்றன்."

பார்க்கவில்லை. ஏற்றினேன் என்று தெரியும், அதைத் திறந்து பார்க்கவில்லை. அவர் பையில் போட்டுக்கொண்டு, மிதிவண்டியில் ஏறிப் போனார். ஆறேழு மாதம் கழித்து ஒரு பின்னேரம் பெரிய இடி இடித்தது. ஹார்ட் டிஸ்க் அதற்குப் பிறகு சுவரில் பல்லி சொல்வதுபோல் டக், டக் என்று சொல்லிக்கொண்டிருந்தது, வேறொன்றும் சொல்லவில்லை. நகரத்தில் காட்டினேன், கொழும்புக்கு அனுப்பினேன், தட்டுக் கீறிப்போயிற்று என்று திரும்பி வந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்குப் பொய் என்று பெயரில்லை என்று இரண்டு போகம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குசினியில் அதையெல்லாம் அக்காவிடம் சொல்லிமுடித்தேன். கத்தி நிற்கவில்லை. கிழங்கின் தோல் ஒரே நீளமாக உரிந்து தரையில் சுருண்டது.

"அப்ப அந்தச் சீடி இப்ப எங்க?"

"மண்டூர் வட்டையில."

"அங்க என்ன செய்யுது?"

"குருவி கலைக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பா இருமலா என்று பிரிக்க முடியாத ஒன்று அவள் மூக்கு வழியே வந்தது. "உன்ட கொம்பியூட்டர் படிப்பில தீய வை. ஊருலகத்துக் கணக்கெல்லாம் எழுதுறாய், ஒரு மனிசன்ட நாலு சொல்ல வெச்சிரிக்கத் தெரியல்ல." கிழங்கைச் சட்டிக்குள் போட்டாள். "போ. போய்க் கழட்டிட்டு வா."

குருமண்வெளியில் துறை. வாவியைக் கடக்கும் தட்டையான இரும்பு மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். ஆளும் மோட்டார் சைக்கிளும் நெல்மூட்டையும் சேர்ந்தே ஏறும். பாதை நகரும்போது கரை நகர்வதுபோல் இருக்கும், நாம் நிற்பதுபோல் இருக்கும். வெயிலில் வாவி முழுவதும் ஆயிரம் சீடியை அவிழ்த்துப் பரப்பியதுபோல் மினுங்கிற்று. கண்ணைச் சுருக்கிக்கொண்டேன். எழுதுவதற்கு வசதியான காட்சி. அந்த நேரம் எனக்கு அது பிடிக்கவில்லை.

வட்டையில் அறுவடை முடிந்திருந்தது. அத்தானின் பயிரையும் பக்கத்து வயல்காரர்தான் மெசின் பிடித்து வெட்டுவித்திருந்தார். காவல் வாடிக்குள், தென்னோலை நிழலில், சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பினார்.

"வாங்க தம்பி. வயலப் பாக்க வந்தயளா, வித்துப்போட்டுப் போக வந்தயளா?"

"சீடி ஒண்டு எடுக்க வந்தன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாடியின் ஓலை உதிரும்படி சிரித்தார். "மண்டூர் வட்டைக்குச் சீடி வாங்க வந்த முதல் ஆள் நீங்கதான். படம் ஓடுற நேரம் எத்தின மணிக்கு?"

விசயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்தி, துவாயால் வாயைத் துடைத்தார்.

"அவர்ர குரலா? குரலுக்கு என்னத்துக்குத் தம்பி சீடி? இந்தா கேளுங்க." கையை வாயில் குவித்து, அத்தான் குருவி கலைப்பதுபோல் கத்தினார். வெட்டிய வயலில் கொக்குகள் எழும்பி மறுபடி இறங்கின. கத்தல் சரிதான். குரல் அத்தானுடையது அல்ல. கத்தியவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், இரண்டாம் தடவை கத்தவில்லை.

கம்புகள் இன்னும் வரம்பில் நின்றன. பதினான்கு சீடிகள். அத்தானின் கட்டு தனிக் கட்டு. மற்ற வயல்களில் நூலைச் சும்மா துளைக்குள் விட்டு முடிந்திருப்பார்கள், காற்றுக்குச் சுழன்று சுழன்று துளை நூலை அறுத்துவிடும். அவர் பழைய ரப்பர் செருப்பை உள்ளங்கையளவு வட்டமாக வெட்டி, சீடியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்து, நடுவால் நூலைக் கோத்து இறுக்கியிருந்தார். செய்கிற எதையும் அப்படித்தான் செய்வார். ஒரு காரியத்துக்கு இரண்டு காரியத்தின் வேலை.

படச் சீடிகள் எல்லாம் இன்னும் வெள்ளியாகவே மினுங்கின. அவை அச்சடித்தவை, வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது. வீட்டில் பதியும் சீடியின் அடிப்பக்கம் பச்சையோடிய நீலமாக இருக்கும். அந்தச் சாயத்தில்தான் எழுத்து இருக்கிறது. அப்படியானவை மூன்று. மூன்றிலும் சாயமே இல்லை. வெறுங்கண்ணாடி. ஒன்றில் நான் மார்க்கரால் எழுதிய குடிபூரல் என்பதன் முதலெழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நூலை அறுத்து அதைக் கையில் எடுத்தபோது, அதற்கூடாக அந்தப் பக்கத்து வரம்பும் வயல்காரரின் காலும் தெரிந்தன.

"ஓடுமா?" என்றார்.

"தெரியா."

செருப்பு வட்டங்களைக் கழற்றவில்லை. ஏன் என்று தெரியாது. வயல்காரர் அப்படியே துவாயில் சுற்றித் தந்தார், கொண்டுவந்தேன்.

அடுத்த சிக்கல், சீடி போடுவதற்கு இயந்திரம். என் மடிக்கணினியில் அந்த வாயே இல்லை. களுவாஞ்சிகுடியில் போட்டோப்பிரதி எடுக்கும் சிறிய கடையொன்றில், மேசைக்கடியில் கால்வைக்கும் பலகைபோல் பழைய கணினியொன்று கிடந்தது. கடைக்காரி இளம்பெண். துவாயை அவிழ்த்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"என்ன அண்ணன், செருப்புத் தைக்கிற கடை அங்கால."

"இதுக்க ஒரு வீடியோ இருக்கு தங்கச்சி."

"இருந்தது எண்டு சொல்லுங்க." வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். "இதுக்கால உங்கட மூக்கு தெரியுது."

செருப்பு வட்டங்களை அவள்தான் நூலை வெட்டிக் கழற்றினாள். கழற்றியவள் சீடியை என்னிடம் நீட்டினாள். நடுத்துளையைச் சுற்றி, ரப்பர் மூடியிருந்த இடத்தில், சாயம் அப்படியே இருந்தது. பச்சையோடிய நீலம். இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அதற்கு வெளியே முழுவதும் கண்ணாடி.

சீடியில் எழுத்து நடுவிலிருந்துதான் தொடங்கி வெளியே போகும். அது எனக்குத் தெரியும். அத்தானுக்குத் தெரியாது. அவர் நூல் அறுந்துவிடக்கூடாது என்று மட்டும் பார்த்தார்.

கணினியின் தட்டு வெளியே வர மறுத்தது. கடைக்காரி தாவணி ஊசியை எடுத்துச் சின்னத் துளைக்குள் குத்தி இழுத்தாள். சீடியை வைத்தாள். உறுமிற்று, நின்றது, உறுமிற்று. வாவியில் பாதை கரையை முட்டுமுன் நிற்பதுபோல் நின்று நின்று போயிற்று. பிறகு திரையில் எங்கோ வெளிநாட்டுப் பனிமலை, அதன் மேல் ரோசாப்பூக்கள் பறந்தன, நாதஸ்வரம் கீச்சிட்டது. கமராக்காரர் எல்லா வீடியோவுக்கும் போடும் முகப்பு.

"முன்னால கொஞ்சம் வாசிக்குது. அங்கால ஏலாது" என்றாள். மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் ஒரே இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. வாசித்த அளவைப் பென்டிரைவில் ஏற்றித் தந்தாள். நான் அங்கேயே நின்று இன்னொரு பிரதி கைப்பேசியில் எடுத்தேன். அங்கேயே திறந்து பார்த்தேன். முதல் முறையாகத் திறந்து பார்த்தேன்.

நன்றியுரை அதில் இல்லை. அது வெளிவட்டத்தில் இருந்தது, வெயில் எடுத்துக்கொண்டது.

அன்று பின்னேரமே தேற்றாத்தீவுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் ஓலை கூட்டிக்கொண்டிருந்தாள். கேட்க நினைத்தது இல்லை என்று முதலிலேயே சொன்னேன். பேசியது இல்லை, அதற்கு முன்னால் கொஞ்சம்தான் இருக்கிறது என்றேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, குசினிப் படியில் உட்கார்ந்தாள். கைப்பேசியை அவள் மடியில் வைத்தேன்.

மலை. பூக்கள். நாதஸ்வரம். பிறகு வாழை கட்டிய வாசற்படலை, அதற்குள்ளால் கமரா நுழைகிறது. சுண்ணாம்பு காயாத சுவர். பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு யாரோ குறுக்கே போகிறார்கள். வேட்டி கட்டிய ஒருவர், முதுகு மட்டும், குசினிப் பக்கம் பார்த்து, உள்ளே நிற்கும் அக்காவுக்குக் கேட்கக் கத்துகிறார். அத்தானின் குரல், கொஞ்சம் கட்டையாக, அடியில் ஒரு கரகரப்போடு.

"அந்தக் கதிரைய வெயிலுக்க வெக்காத. இஞ்சேர், கமராக்காரத் தம்பிக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சா?"

அதோடு படம் உடைந்தது. நான் கைநீட்டி மறுபடி ஓடவிட்டேன். மலை, பூக்கள், படலை, கதிரை. "தேத்தண்ணி குடுத்தாச்சா?" சதுரங்கள்.

மூன்றாம் தடவை அவளே விரலால் தொட்டாள். அந்த இடம் வந்தது. அவர் கேட்டார். படம் நின்றது.

"குடுத்தாச்சு" என்றாள் அக்கா, திரையைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, உள்ளேயிருந்து முற்றத்துக்குச் சொல்வதுபோல். "ரெண்டு தரம் குடுத்தாச்சு. சீனி காணாதாம்."