ஆடி மாதத்துச் சாய்தளம்

பெரிய காஞ்சிபுரத்தில் சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஸ்கேட்போர்டு விற்கும் சென்னைக் கம்பெனி ஒன்று, போட்டி நடத்தும்போதெல்லாம் பலகையோடு ஏறிச் சறுக்கும் இரும்புச் சாய்தளத்தை என்னிடம்தான் செய்யச் சொல்லும். போன வருஷம் வியாபாரம் படுத்துப்போய், போட்டிகளை நிறுத்திவிட்டார்கள். கடைசியாகச் செய்ததை எடுத்துப்போகவும் வரவில்லை. "பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

காயலான்கடைக்காரர் டெம்போவோடு வந்து நின்றார். "இத வச்சிக்கினு என்னாண்ணே பண்ணப்போற? தோச ஊத்தப்போறியா?"

கட்டிங் மெஷினை எடுத்துச் சாய்தளத்தை நான்காக அறுத்தேன். டெம்போவில் ஏற்றத்தான் அறுக்கிறேன் என்று அவர் சந்தோஷமாகக் கைவைக்க வந்தார். குறுக்கே நின்றுகொண்டேன்.

அன்றைக்கே துண்டுகளின் ஓரங்களில் துளை போட்டு, நட்டு போல்ட்டில் பூட்டும்படி செய்தேன். எதிரிலிருக்கும் கல்யாண மண்டபத்தின் வாசல் குறுகல், முழுசாக உள்ளே போகாது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபத்து முற்றம் காலியாகக் கிடந்தது. மேனேஜரிடம் கேட்டதும் சாவியைக் கொடுத்தார்; துண்டுகளை உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினேன். போட்டி நின்றதும் ஸ்கேட்போர்டைப் பரணில் போட்டிருந்த எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர், மறுநாளே வந்து சாய்தளத்தில் ஏறினார்கள்.

சத்தம் கேட்டுக் காயலான்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். "ஆவணி பொறந்தா முகூர்த்தம் வந்துடுமே, அப்ப இன்னா பண்ணுவ?"

"கழட்டி வச்சிடுவேன்பா. மார்கழியில மறுபடி மாட்டுவேன். நீ உன் டெம்போவ வேற எங்கனா ஓட்டு."