மே மாதத்தில் மரக்காணத்துக்கு ஒரு கம்பளி

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். ஜமுனாமரத்தூரிலிருந்து மே மாதம் குடும்பத்தோடு மரக்காணம் பக்கம் கடற்கரைக்குப் போகிறார்களாம். "நாங்கள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எதை எடுத்துப் போகலாம், எதை விட்டுவிடலாம், கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டிருந்தார். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் என்னைவிட மோசமாக மூட்டை கட்டியவர் ஜவ்வாது மலையில் யாரும் இருக்க முடியாது.

நான் சொல்லப் போவது 1962 மே மாதப் பயணம். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பிறந்தது மரக்காணத்தில். அப்பா உப்பளத்தில் வேலை. அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டதால் எனக்கு அப்பா, அப்பாவுக்கு நான், அவ்வளவுதான் குடும்பம். டீச்சர் டிரெயினிங் முடித்ததும் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. போன இடத்தில் சாமையும் புளியும் விளைவிக்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். கணவர் பெயரைச் சொல்ல இன்றும் எனக்கு வாய் வராது, எழுதக் கை வருகிறது: சாமிக்கண்ணு. அவர் என்னைக் கடைசி வரை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்.

அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. குளிரில், காட்டில், முன்பின் தெரியாத மனிதர்களிடம் பெண் போய் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தார். இரண்டு வருஷம் நான் எழுதிய கடிதம் எதற்கும் பதில் இல்லை. அந்தச் சித்திரையில் திடீரென்று ஒரு கார்டு வந்தது. "லீவில் வா. அந்த ஆளையும் அழைத்து வா. பார்த்துத்தான் பேச வேண்டும்." அவ்வளவுதான். அப்பா எனக்குத் திரும்பக் கிடைப்பாரா, மாட்டாரா என்பது முழுக்க அந்த "பார்த்துத்தான்" என்ற வார்த்தையில் இருந்தது. கார்டைப் படித்த அன்றே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன். புறப்பட இன்னும் பதினெட்டு நாள் இருந்தது!

எங்களிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் என்னென்ன போகும் என்பதில் வீட்டில் தினமும் ஒரு சண்டை. என் வீட்டுக்காரருக்கு முதல் கவலை குளிர். மலையில் மே மாதம்கூட விடியற்காலையில் போர்த்திக்கொள்ளாமல் முடியாது. அதனால் தன் கறுப்புக் கம்பளியை மடித்துக் கொண்டுவந்து வைத்தார்.

"அங்க இது எதுக்கு? வேர்வையில நனைஞ்சே செத்துடுவீங்க" என்றேன்.

"இன்னா டீச்சர், பகல்ல வெயிலுன்னா ராவுல குளிராத பூடுமா?"

"நான் கடலோரத்துல பொறந்தவ. எனக்குத் தெரியாதா?"

நான் அதை எடுத்து வெளியே வைப்பேன், அவர் உள்ளே வைப்பார். கடைசியில் பெட்டியில் இடமில்லை என்று தோளில் போட்டுக்கொண்டே வந்தார். எங்கள் மலையில் ஆண்கள் அடுத்தவர் வீட்டுக்கு மரியாதையாகப் போகும்போது கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொள்வது வழக்கம். மாமனார் வீட்டுக்கு அது இல்லாமல் எப்படி என்பதும் அவர் மனசில் இருந்திருக்கிறது.

பெட்டியில் முக்கியமான சாமான் அவருடைய சட்டை. போளூரில் துணி வாங்கி, அங்கேயே அளவு கொடுத்துத் தைத்த வெள்ளை முழுக்கைச் சட்டை. வாழ்க்கையில் அவர் போடப்போகும் முதல் முழுக்கைச் சட்டை. மாமனார் முன்னால் நிற்பதற்கென்றே தைத்தது. அதற்குக் கீழே ஒரு புது வேட்டி, என் புடவைகள் இரண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு வீசை, அதாவது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைய, புதுப் புளி. பங்குனியில் உலுக்கிய புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு இறுக்கி உருட்டி, மந்தாரை இலையில் கட்டி நானே வைத்தேன். மலையில் யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வருஷத்துப் புளியோடுதான் போவார்கள். கனமானது அடியில், மெல்லியது மேலே. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

காலை ஐந்து மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். படவேட்டுக்கு ஏழு மைல் இறக்கம், மூன்று மணி நேரம். பெட்டி அவர் தலையில், சாப்பாட்டு மூட்டை என் இடுப்பில். படவேட்டில் ஒன்பது மணிக்கு போளூர் பஸ். பதினான்கு மைல், டிக்கெட் அறுபத்தைந்து நயா பைசா. கண்டக்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு முறைத்தார்.

"இன்னாம்மா உள்ள, கல்லா?"

"புளிங்க."

"அடி நெளிஞ்சு கீது, நிமித்தி வெச்சா உருளும். கவுத்துப் போட்டாத்தான் நிக்கும்" என்று பஸ் கூரையில் கவிழ்த்துப் போட்டார். நான் தலையாட்டினேன். பெட்டியை மேலே தள்ளிவிட ஏணியில் ஏறிய என் வீட்டுக்காரருடைய பனியன் கம்பியில் மாட்டி முதுகில் ஒரு சாண் கிழிந்தது. "போனாப் போவுது, சட்டை கீதே" என்று இறங்கினார்.

போளூரில் பதினொன்றரைக்கு ரயில். மூன்றாம் வகுப்பில் திண்டிவனம் வரை ஒருவருக்கு இரண்டு ரூபாய் எழுபது. திருவண்ணாமலை, திருக்கோவிலூர் வழியாக விழுப்புரம் போகும்போது மணி நான்கு. நடுவில் சாமைப் புளிச்சோற்றை ஒரு கை பார்த்தோம். எதிரில் உட்கார்ந்திருந்த வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவர் மணத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கத்து ஆளுங்களா?" என்று கேட்டு, இரண்டு உருண்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எங்களுக்கு ஆளுக்கொரு பழம் கொடுத்தார். கம்பளியைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நல்ல மனிதர், ஒன்றும் கேட்கவில்லை.

விழுப்புரத்தில் ரயில் மாறி ஆறரைக்கு திண்டிவனம். அங்கே சத்திரத்தில் தங்கல். பிளாட்பாரத்தில் இறங்கியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், ஒடம்புக்கு இன்னாவோ ஆயிடுச்சு. நிக்காத தண்ணி ஊத்துது."

"அது வேர்வைங்க."

"வேர்வைன்னா ஏர் ஓட்டுனா வரும், மூட்டை தூக்குனா வரும். நான் சும்மா நின்னுனு கீறேன். எதுக்கு வேர்க்குது?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மலையில் வேர்த்தால் அடுத்த காற்றில் காய்ந்துவிடும். காயாத வேர்வையை அவர் அன்றுதான் பார்த்தார். "நான் சொன்னேனா இல்லையா?" என்று நான்கு முறை கேட்டிருப்பேன். கடற்கரைக்காரி என்ற கர்வம் எனக்கு அன்றைக்கு உச்சியில் இருந்தது. அதற்கு ஆயுசு பன்னிரண்டு மணி நேரம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மரக்காணம் பஸ். இருபத்திரண்டு மைல், தொண்ணூறு நயா பைசா. ஆக, ஒருவருக்கு மொத்தம் நாலே கால் ரூபாயில் மலையிலிருந்து கடல். பெட்டி மறுபடியும் கூரையில், மறுபடியும் கவிழ்ந்தபடி. இறங்கியதும் டீக்கடைக்குப் பின்னால் போய், அவர் சட்டை மாற்றிக்கொள்வதற்காகப் பெட்டியைத் திறந்தேன்.

புளி கரைந்திருந்தது. உப்பு கடற்காற்றின் ஈரத்தை இழுத்து, உருண்டைகள் இளகி, கருஞ்சிவப்பாக வழிந்து, கவிழ்ந்த பெட்டியில் நேராகச் சட்டைக்குள் இறங்கியிருந்தது. வேட்டியில் பாதி, புடவைகளில் ஓரம், சட்டையில் ஒரு விரல் இடம்கூட மிச்சமில்லை. தொட்டால் கை ஒட்டியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா "பார்த்துத்தான்" பேசுவேன் என்று எழுதியிருக்கிறார். பார்க்கப் போவது கிழிந்த பனியனை.

அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். திரும்ப வைத்தார். பிறகு கம்பளியை உதறி, கழுத்திலிருந்து முழங்கால் வரை சுற்றிப் போர்த்திக்கொண்டார்.

"வாணாங்க, வெந்து பூடுவீங்க!"

"மொதமொத மாமனாரு மூஞ்சில முழிக்கிறேன். கிழிசலோட போவச் சொல்றியா? நட டீச்சர்."

மணி எட்டு. வெயில் ஏறிவிட்டது. ஒரு மைல் தூரம் உப்பளத்து வரப்பில் நடந்தோம். முன்னால் அவர், கம்பளிக்குள். தலையில் பெட்டி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகப் புளித்தண்ணீர். பின்னால் நான். தூரத்தில் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதில் ஒரு குரல், எனக்குத் தெரிந்த குரல், கத்தியது.

"யாருப்பா அது, கம்பளி விக்கிறவனா? இந்த ஊர்ல எவன்யா வாங்குவான்?"

எல்லாரும் சிரித்தார்கள். கத்தியது அப்பாதான். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "வாம்மா" என்றார் என்னிடம் மட்டும். என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பவே இல்லை. எங்களுக்கு முன்னால் வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டு வாசலில் பெட்டியை இறக்கியதும் அப்பா அதிலிருந்து வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு விஷயத்தில் அவர் கண்ணை நம்பமாட்டார், நாக்கைத்தான் நம்புவார்.

"இதுல உப்பு போட்டது யாரு?"

"நான்தாங்க" என்றார் என் வீட்டுக்காரர் சட்டென்று. இரண்டு வருஷத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

"இல்லப்பா. நான்தான் போட்டேன்."

அப்பா அவரை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"உப்பளத்துல பொறந்தவ நீ. இந்த ஊர்ல உப்பைத் தெறந்து வெச்சா தண்ணியா ஓடும்னு நடக்கறதுக்கு முன்னாடியே தெரியும் உனக்கு. மறந்துட்டியா?"

"அங்க ஓடாதுப்பா. ரெண்டு கோடையா நான்தான் புளி அமுக்குறேன். கட்டி வெச்சா கல்லாட்டம் கெடக்கும்."

அப்பா பெட்டியைத் திறந்து ஓர் இலைக் கட்டைக் கையில் எடுத்தார். "ரெண்டே வருஷத்துல மறந்துட்டே" என்றார் மறுபடியும். குரலில் கோபம் இல்லை. "அழுதுனே கீறியோன்னு நெனைச்சேன். இது மறந்து போற அளவுக்கு அந்த ஊரு உனக்கு ஒத்துப்போச்சா?"

"ஆமாம்ப்பா" என்றேன். அப்போதுதான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார், என்னிடம் இல்லை, அவரிடம். "மாப்ள, மொதல்ல அந்தக் கம்பளியக் கழட்டுங்க. பாக்கற எனக்கே வேர்த்து ஊத்துது."

அன்று மத்தியானம் அந்தப் புளியிலேயே மீன் குழம்பு வைத்தேன். உப்பு தனியாகப் போடவே இல்லை. உப்பளத்துக்காரர் வீட்டில் மலைப் புளியோடு வந்த உப்பில் கொதித்த குழம்பை அப்பா மூன்று முறை ஊற்றிக்கொண்டு, "புளிக்கும் உப்புக்கும் சரியாத்தான் கீது" என்றார். என் வீட்டுக்காரர் கடலைப் பார்த்தார், குளித்தார், ஒன்பது நாளும் அப்பாவோடு உப்பளத்துக்குப் போய்க் காரணத்தோடு வேர்த்தார். சட்டையை மூன்று முறை துவைத்தும் கறை போகவில்லை. அதை அப்படியே பல வருஷம் போட்டார். யாராவது கறையைப் பற்றிக் கேட்டால் போதும், கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

இனி, கேட்ட வாசகிக்கு. மெல்லிய பருத்தி உடைகள், ஆளுக்கு நான்கு செட்டாவது எடுங்கள். துவைத்தது அங்கே சீக்கிரம் காயாது. ஆளுக்கு இரண்டு துண்டு. உப்பு, வெல்லம், புளி எதுவானாலும் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். துணிப் பையோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். போய் இறங்கும்போது போடவேண்டிய உடையைக் கைப்பையில் தனியாக வையுங்கள். வழிக்குப் புளிச்சோறு நல்லது, இரண்டு நாள் தாங்கும். வெயிலுக்கு முன் கடற்கரைக்குப் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வேர்க்கும், பயப்படாதீர்கள்.

கம்பளி வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்றுதான் யாரும் சொல்வார்கள், நானும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன். ஆனால் பத்தாம் நாள் காலை புறப்படும்போது பெட்டியைக் கட்டிவிட்டுக் கம்பளியைத் தேடினேன். காணோம். பார்த்தால், அப்பா அதை ஒழுங்காக மடித்துத் தன் தலைமாட்டில் வைத்திருந்தார்.

"அப்பா, அது அவரோடது."

"தெரியும். இருக்கட்டும் வுடு" என்றார். "தை மாசம் நான் மலைக்கு வர்றப்ப எதைப் போத்திக்கறது?"