வெயிலில் கிடந்த மூன்று மணித்தியாலம்

அந்த மனுசனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

கல்முனையில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சை நிலையமொன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கருவை வளர்க்கும் திரவம் கொழும்பிலிருந்து ஐஸ்பொதிகள் வைத்த பெட்டியில் வரும். வழி நெடுக இரண்டு முதல் எட்டுப் பாகைக்குள் இருக்க வேண்டும். சூடு பட்டால் கெட்டுவிடும், ஆனால் பார்வைக்குத் தெரியாது. மீன் கெட்டால் நாறும், இது நாறாது. அதனால்தான் வெப்பநிலையைப் பதியும் கருவியொன்றையும் உள்ளே வைத்து அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும், பெட்டியைக் கொண்டுவரும் வான்காரர், "கருவிட பற்றரி செத்துப் பெய்த்து தங்கச்சி" என்று கையை விரிப்பார். நானும் நம்பித் தொலைத்தேன்.

ஒருமுறை, நாற்பதைத் தாண்டிய பெண்ணொருவரின் ஏழு கருக்களும் மூன்றாம் நாளோடு வளராமல் நின்றுவிட்டன. இனி எடுக்க அவரிடம் முட்டை இல்லை. வான்காரர் டொக்டரிடம், "பெட்டி நல்லாத்தான் வந்திச்சி. அந்தப் புள்ளட கைதான் சரியில்ல" என்றார். என்னை, வருகிறவர்களுக்குத் துண்டுச்சீட்டு எழுதும் மேசைக்கு மாற்றினார்கள். கடைசியாக வந்த அன்று அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். பிறகு அவர் வரவேயில்லை.

வெறும் பெட்டி கொழும்புக்குத் திரும்பிப் போகும். சொந்தமாக ஒரு கருவி வாங்கி, மூடியின் உட்புறத்து வெள்ளை ரெஜிபோம் தக்கையைக் குடைந்து ஒளித்து அனுப்பினேன். அடுத்த வெள்ளி அது வந்து சேர்ந்தது. கோடு நான்கு பாகையில் நேராக வந்து, நண்பகலில் ஏறி, மூன்று மணித்தியாலம் மேலேயே நின்று, திரும்ப இறங்கியிருந்தது. டொக்டரின் முன்னால் வைத்து வான்காரரிடம் கேட்டதும் எல்லாம் வெளியே வந்தது. ஜும்ஆத் தொழுகை முடிகிற நேரம் தன் ஊர்ப் பள்ளி வாசலில் அவர் ஐஸ் போட்ட பலூடா பானம் விற்பாராம். எங்கள் ஐஸ்பொதிகள் பலூடாவுக்கு, எங்கள் பெட்டி வெயிலில் நின்ற வானுக்குள், கருவியின் பற்றரி அவருடைய சட்டைப்பையில்.

"மூணு மணித்தியாலம்தானே" என்றார். அவருடைய வேலை போனது, நான் ஆய்வுகூடத்துக்குத் திரும்பினேன். சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாக மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். இந்த வருடம் மஸ்கற் இனிப்புப் பொதியோடு அவர் என் வாசலில் வந்து நின்றார்.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதப் பொறுத்துக்கங்க தங்கச்சி."

"என்ட கதைய விடுங்க நாநா. அந்தப் பொம்புளக்கிட்டக் கேட்டீங்களா?"

"ஆரெண்டு தெரியாதே. அவட ஊட்டச் சொல்லுங்க, போய்க் கேக்கன்."

சிகிச்சைக்கு வருகிறவர்களின் பெயர் வெளியே போகக்கூடாது என்பது நிலையத்தின் சட்டம். அன்றைக்குப் போல அந்தச் சட்டத்தை நான் என்றைக்கும் விரும்பியதில்லை.

"சொல்ல ஏலா. நீங்க கேட்டுட்டு வந்த ஊடுகள்ல அவட ஊடும் இரிக்கலாம். எத எண்டு தெரியாம, பொறுத்துட்டன் எண்டு சிரிச்சும் அனுப்பியிருப்பா."

அவர் மஸ்கற் பொதியைக் கதிரையில் வைத்தார். அதை எடுத்துத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தேன்.