அம்மனைத் தூக்கிய உயரம்

கந்தப்பளை டவுனில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் நான் டிராக்டர் ஓட்டுகிறேன். முன்னால் பெரிய இரும்பு பக்கெட் பூட்டிய டிராக்டர். மணல், எரு, உருளைக்கிழங்கு மூட்டை எதுவானாலும் அள்ளித் தூக்கிவிடும். இந்தப் பக்கத்தில் என்னைவிட அதற்குத்தான் மரியாதை அதிகம். அது வீண்பேச்சு பேசாது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குப் புதிதாக அம்மன் கற்சிலை வந்தது. லொறி மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து கோயில் வரை செங்குத்தான ஏற்றம். டிராக்டரை ஒரு நாள் இரவல் கேட்டேன். சாவியைத் தரும்போது நானா சொன்னார்: பாரம் முழங்காலுக்கு மேலே போகக்கூடாது, பின்னால் எதிர்ப்பாரத்துக்குக் கொங்கிரீட் கட்டையை மாட்டாமல் எதையும் தூக்கக்கூடாது, பக்கெட்டுக்குக் கிட்ட ஒரு குஞ்சு குருமான் நிற்கக்கூடாது. கல்யாணத்தில் ஐயர் சொன்னதற்கெல்லாம் ஆட்டியதுபோல் தலையை ஆட்டினேன். அந்த வாக்குறுதிகளின் கதிதான் இதற்கும்.

கட்டையை மட்டும் மாட்டிவிட்டேன். சிலைக்கு வைக்கோலும் சாக்கும் சுற்றி, பக்கெட்டில் நிறுத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் புறப்பட்டபோது கோயில் தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னப்பா இது, சாமிய நாயி மோந்து பாக்குற ஒயரத்துல கொண்டு போற? தோளுக்கு மேல தூக்கு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் சாமி தோளுக்குக் கீழே இறங்காது. தோள் மாற்றும்போதுகூட இறக்கமாட்டோம். ஆனால் தோளில் சுமக்கிறவனுக்குக் கால் வழுக்கினால் பக்கத்தில் இருப்பவன் தாங்குவான். டிராக்டருக்கு அப்படி யாருமில்லை. பாரம் உயர உயர அதற்குக் காலில் பிடிமானம் குறையும். ஏற்றத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால் அவ்வளவுதான்.

இதை ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். என் வாய் ஒழுங்காக எதைத்தான் சொன்னது? "அம்மா ஒசந்தா நான் கவுந்துருவேன் தலைவரே" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் நானே முதலில் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டு, "சரி, தூக்கு" என்றார். அதற்குமேல் எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கெட்டை என் தலைக்கு மேலே உயர்த்தினேன். முன்னால் தப்பு மேளச் சத்தம், பின்னால் ஊரே திரண்டு வந்தது.

தொழிலாளர் வீட்டு வரிசையான ஒவ்வொரு லயத்துக்கு முன்னாலும் பெண்கள் வண்டியை நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாகப் பாதையில் ஊற்றி ஆரத்தி எடுத்தார்கள். முதல் லயம், இரண்டாவது லயம், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது லயத்துக்கு மேலே ஒரு வளைவு. வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான். பாதை கானைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அங்கேயும் பக்தியோடு ஊற்றியிருந்தார்கள். செம்மண் களியாகக் கிடந்தது.

இடது முன் சக்கரம் வழுக்கிக் கான் விளிம்பில் இறங்கியது. சீட் ஒரு பக்கம் எழும்பியது. திரும்பிப் பார்த்தேன். வலது பின் சக்கரம் தரையில் இல்லை. ஒரு சாண் இடைவெளியில் அந்தப் பக்கத்துப் புல் தெரிந்தது.

செய்யவேண்டியது எனக்குத் தெரியும். பக்கெட்டை மெதுவாகத் தரைக்கு இறக்கினால் வண்டி தானாக அமர்ந்துவிடும். லீவரில் கை வைத்தேன். அதற்குள் சாமி சாய்வதைப் பார்த்த ஆண்கள், என் மச்சான் முதல் ஆளாக, பக்கெட்டுக்கு அடியில் ஓடிவந்து கைகளை மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள். அம்மனைத் தாங்குகிறார்களாம். மச்சான் ஒரு கையால் தாங்கினான். மற்றக் கையில் ஃபோன், வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

இறக்கினால் அவர்கள் தலையில். இறக்காவிட்டால் வண்டியே அவர்கள் மேல். பிரேக்கை மிதித்தபடியே இருந்தேன்.

"வெலகுங்க, கவுறப் போவுது" என்று கத்தினேன். தப்புக்கு மேலே என் குரல் கேட்டது, கேட்டவர்கள் சிரித்தார்கள். மறுபடியும் கத்தினேன். "இன்னும் கொஞ்சம் அழுதுகிட்டே சொல்லுங்க மச்சான்" என்று அவன் ஃபோனை என் முகத்துக்குத் திருப்பினான். அழுகை நிஜமாகவே வந்தது. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. இருபது வருடமாக இந்த ஊரைச் சிரிக்க வைத்தவன் நான். அன்றைக்கு நிறுத்தத் தெரியவில்லை.

கூட்டத்தில் சிரிக்காத ஒரே ஆள் என் மனைவி. என் ஜோக்குக்கு அவள் எப்போதுமே சிரிப்பதில்லை என்பதால் முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆரத்தித் தட்டைப் பக்கத்திலிருந்தவள் கையில் திணித்துவிட்டு வந்தாள். தன் தம்பியான என் மச்சானின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"தான் சொல்ற ஜோக்குக்குத் தானே மொதல்ல சிரிக்கிற மனுசன்டா அது. இப்ப சிரிக்குதா பாரு."

மச்சான் என் முகத்தைப் பார்த்தான். ஃபோனில் அல்ல, நேராக. அவன் விலகினான். மற்றவர்களையும் அவள் பெயர் சொல்லித் திட்டித் திட்டியே வெளியே இழுத்தாள். கடைசி ஆள் விலகியதும் லீவரை நூல் நூலாகத் தள்ளினேன். அம்மன் இறங்கி இறங்கிச் சேறு வரைக்கும் வந்தாள். பின்னால் சக்கரம் தொப்பென்று உட்கார்ந்தது.

தலைவருக்குக் கோபம். சாமியை மண்ணில் வைத்துவிட்டானே என்று மிச்ச ஏற்றம் முழுவதும் முழங்கால் உயரத்தில் போன பக்கெட்டோடு நடந்து, என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஐயர் பரிகாரம் செய்தார். கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது.

அந்த வீடியோவை இப்போது தோட்டமே வைத்திருக்கிறது. அதில் நான் அழுகிறேன், பின்னணியில் தப்பு அடிக்கிறது. சக்கரம் எங்கேயும் வரவில்லை. "சக்கரம் தூக்கிருச்சுப்பா" என்று நான் சொன்னால், "இத நீ அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னும் சிரிச்சிருப்போமே" என்கிறார்கள். மச்சான்கூட என் முகத்தில் பார்த்ததை வளைவுக்கு அந்தப் பக்கம் போனதும் மறந்துவிட்டான்.

நேற்று அது நானாவின் ஃபோனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. என்னைக் கடைக்குள் கூப்பிட்டு மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினார். சிரிக்கவில்லை. முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தின் மேல் ஓரத்தில் தெரிந்த பக்கெட்டின் அடிப்பக்கத்தையும், அதற்குக் கீழே நீட்டியிருந்த கைகளையும் பார்த்தார். விரலால் ஒவ்வொரு கையாகத் தொட்டு எண்ணினார். பிறகு அந்த விரலை மடக்கி, உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார்.

எனக்குள் ஒரு ஜோக் வந்தது. விழுங்கிவிட்டு, டிராக்டர் சாவியை அவர் கையில் வைத்தேன்.