அத்தான் குடிக்காத தண்ணீர்

அத்தான் போய் மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது மண்வெட்டியோடு போவதைப் பார்த்தால் அவர் நினைவுதான் வருகிறது.

என் அக்காவின் கணவரை யாரும் சுகாதார ஆய்வாளர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘குழி சார்’ என்பார்கள். ஊருக்கு வெளியே யார் கடை கட்ட வந்தாலும் முதலில் குழி வெட்டச் சொல்வார். முந்தின நாளே அதில் தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும். மறுநாள் காலையில் மறுபடி நிரப்பி, அங்குலக் கோடு போட்ட குச்சியை நட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. செப்டிக் டேங்கிலிருந்து வழிவதை மண்தான் உறிஞ்ச வேண்டும்; மண் தண்ணீரைக் குடிக்காவிட்டால் அங்கே டேங்க் கிடையாது. டேங்க் இல்லாவிட்டால் கடையும் கிடையாது.

என் கல்யாணத்தன்று, மண்டபத்துக் கிணற்றுக்கும் கழிப்பறைக்கும் நடுவே அடி எண்ணி நடந்த மனிதர். அக்காவுக்கு மானம் போயிற்று. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு.

அந்தக் குச்சி எங்கள் பக்கம் திரும்பியபோது சிரிப்பு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்த லாரியை விற்று, நெடுஞ்சாலை ஓரமாக நீளவாக்கில் ஒரு நிலம் வாங்கியிருந்தார். சாப்பாட்டுக் கடை போடுவதாகத் திட்டம். அதை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

“சகலைதானே, கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுருவாரு” என்றார்.

சாலையோரம் முழுக்கக் களிமண். அது தெரிந்துதான் இவர் ஒரு காரியம் செய்தார். குழியை இரண்டு மடங்கு ஆழமாக வெட்டி, பாதிக்கு ஆற்று மணலைக் கொட்டி, மேலே மண்ணைத் தூவி மறைத்தார். ஈரம் இருந்தால் தண்ணீர் இறங்காது என்று நினைத்து ஊறவும் வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை. எனக்கும் கடை வேண்டும்.

மறுநாள் அத்தான் வந்தார். முதல் குடம் மடமடவென்று இறங்கியது. இவருக்கு வாயெல்லாம் பல். அத்தான் குச்சியையே பார்த்துக்கொண்டு, “இன்னொரு குடம்” என்றார். அதுவும் இறங்கியது. “இன்னொண்ணு.” ஐந்தாவது குடம் அப்படியே நின்றுவிட்டது. உச்சி வெயில் வரைக்கும் ஒரு கோடு நகரவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, குழிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார்.

“ஏன் சகலை, இந்த மணலு ஆத்துலேருந்து தானா நடந்து வந்துச்சா?”

இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“அத்தான், எங்களுக்கு வேற கதி இல்ல.”

“இங்க டேங்க் வெச்சா முதல் மழைக்கே பொங்கி உன் கிணத்துல வந்து விழும். அதத்தான் வர்றவனுக்கெல்லாம் மோந்து குடுப்பியா? நிலத்தோட அந்தக் கடைசியில செம்மண் இருக்கு. கடையையும் டேங்கையும் அங்க தள்ளு.”

“அவ்ளோ உள்ள போட்டா எந்த நாய் வரும்?” என்று இவர் கத்தினார்.

“வரலேன்னா என்னத் திட்டு. ஆனா ஒண்ணு. இந்த வேலையில இருக்கற வரைக்கும் உங்க கடையில பச்சைத் தண்ணி தொட மாட்டேன். சொந்தக்காரன்னு கையெழுத்துப் போட்டான்னு எவனும் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசக் கூடாது.”

செம்மண் தண்ணீரைக் குடித்தது. கடையைப் பின்னால் கட்டினோம். வேண்டாவெறுப்பாக விட்ட முன்னிடத்தில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. நிறுத்த இடம் இருந்தால் லாரிக்காரன் வருவான் என்பது, லாரி ஓட்டியவருக்கே தோன்றவில்லை!

ஆனாலும் இவருக்கு வீம்பு. சகலையோடு பேச்சில்லை. வருடா வருடம் அத்தான் ஒரு புட்டியோடு வருவார், கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துக்கொள்வார், நின்றபடியே போய்விடுவார். இவர் உள்ளே பாத்திரத்தை உருட்டுவார். பத்தொன்பது வருடம் இரண்டு பேருக்கும் நடுவில் நான் கிடந்து தவித்தேன்.

ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் அத்தான் வந்தார். கையில் புட்டி இல்லை. கிணற்றடியில் சும்மா நின்றார். இவர் உள்ளேயிருந்து வந்து, வாளியை இறக்கி, ஒரு டம்ளர் நிறைய நீட்டினார்.

“காய்ச்சாத தண்ணி சகலை. பரவாயில்லையா?”

அத்தான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பி நீட்டினார்.

“இன்னொண்ணு.”